எங்கள் வீட்டு முடிச்சு

படகுக்குக் கை பார்ப்பதில் கெட்டிக்காரன் யார் என்று தேவனாம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் மணவாளன் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். ஊர் வாயை நான் தைக்கவா முடியும்? அந்தக் கைகளைத் தோப்பு தோப்பாகத் தேடியவன் நான். வளைத்துப் பார்த்தவன் நான். தோல் உரித்துச் சேற்றில் புதைத்தவன் நான். மணவாளன் என் தங்கை புருஷன். நான் தேடிய நாளெல்லாம் கூடவே வந்து, நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றான். அவன் செய்த வேலை அவ்வளவுதான்.

அறுபத்தாறாம் வருஷம். பரங்கிப்பேட்டை முஹம்மது யூசுப் மரைக்காயர் கடலூர் முதுநகரில் மிஷின் வைத்த படகு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். கரையோரம் வலை போடுகிற படகு இல்லை. கரை கண்ணுக்கு மறைகிற தூரம் போய், ஓடிக்கொண்டே தூண்டில் இழுத்து வஞ்சிரமும் சூரையும் பிடிக்கிற படகு. ஓடுகிற படகின் பின்னால் நாலைந்து தூண்டில் கயிறுகளை ஒரே இடத்திலிருந்து விட்டால், திரும்பும்போது ஒன்றோடொன்று சிக்கிச் சிண்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இரண்டு பக்கமும் நீளமான கழி ஒன்றை வெளியே நீட்டி, அதன் நுனியிலிருந்து கயிறு விடவேண்டும். மீன் இலாகாக்காரர் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். அது எங்கள் வாயில் நுழையவில்லை. கை என்று வைத்துக்கொண்டோம்.

படகை நடத்துகிறவனை எங்கள் பக்கம் தண்டல் என்போம். மரைக்காயருக்குத் தண்டல் ஒருவன் வேண்டியிருந்தது. நான், மணவாளன், இன்னும் சிலர் போய் நின்றோம். அவர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்குக் கடலப் பத்தி ஒண்ணும் தெரியாதுப்பா. எங்க வாப்பா பினாங்குல கடை வெச்சவரு. ஆனா ஒண்ணு தெரியும். போன வருஷம் ஒரு லாஞ்சில மூங்கில் கை முறிஞ்சு ஒருத்தன் தோள்பட்ட போயிடுச்சு. எவன் எனக்கு முறியாத கை ரெண்டு கொண்டாந்து மாட்டுறானோ, அவன் சுக்கானப் பிடிக்கட்டும்."

அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பா காலத்திலிருந்து கட்டுமரம்தான். சுக்கான் என்ற ஒன்றை நான் பிடித்ததே இல்லை. மிஷின் படகில், தலைக்கு மேல் கூரை இருக்க, கையில் சுக்கானோடு நின்றுகொண்டு வஞ்சிரம் ஓடுகிற இடத்துக்குப் போகவேண்டும். அந்த ஆசை எனக்கு வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டது. மணவாளனிடம் சொன்னேன்.

"மச்சான், நான் தண்டலானா மிஷின் உனக்குத்தான். வேற எவனையும் ஏத்தமாட்டேன்."

"அத நீ சொல்லணுமா மச்சான்?" என்று சிரித்தான். என் கட்டுமரத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டவன். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன்.

இலாகாக்காரர் இரும்புக் குழாய் போடச் சொன்னார். இரும்பு ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான், உப்புக் காற்றில் துருவும் ஏறும். தேக்கு என்றார்கள் சிலர். அந்தக் கனத்தை இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் படகு அலையில் குடிகாரன் மாதிரி ஆடும். மூங்கில் லேசு, வளையும், ஆனால் வளையம் மாட்டுகிற கணுவில் வெயில் பட்டுப் பிளக்கும். நான் சவுக்கு என்றேன். நல்ல சவுக்கு வளையும், விட்டால் திரும்பி வரும். ஆனால் பச்சையாக மாட்டினால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். சேற்றில் மாதக்கணக்கில் ஊறவேண்டும்.

தை மாதம் முழுக்கத் தோப்புகளில் அலைந்தோம். கடைசியில் புதுச்சத்திரம் பக்கம் ரத்தினம்மாள் என்ற அம்மாளின் தோப்பில் ஒரு பகுதியை வெட்டிப் போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு மரமாகப் புரட்டினேன். நின்றுகொண்டிருந்த இரண்டு மரங்களுக்கு நடுவே கழியின் அடியைச் செருகி, நுனியில் மண் கூடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு இறங்குகிறது என்று பக்கத்தில் குச்சி நட்டுக் கோடு போட்டேன். கூடையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்தேன். வராததைத் தள்ளினேன். ரத்தினம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்ப்பா, பொண்ணு பாக்க வர்றவன்கூட இவ்ளோ நேரம் பாக்கமாட்டான். ஒரு காப்பியக் குடிச்சிட்டு சரின்னுடுவான்."

"பொண்ணுன்னா ஒண்ணு பாத்தா போதும்மா. இவுருக்கு ஒரே மாதிரி ரெண்டு வேணுமாம்" என்றான் மணவாளன். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கஷ்டமே அதுதான். ஒன்று கிடைத்துவிட்டது. அடியில் ஆட்டுக் கண் அளவுக்கு ஒரு கணு, மற்றபடி குறையில்லாத மரம். ஆனால் இரண்டு கையும் ஒரே எடைக்கு ஒரே அளவு வளையவேண்டும். இல்லாவிட்டால் படகு ஒரு பக்கம் சாயும், கயிறுகள் ஒழுங்காக ஓடாது. முதல் மரம் எந்த வரிசையில் நின்றது என்று ரத்தினம்மாளைக் கேட்டு, அதே வரிசையில் கடல் காற்றை நேராக வாங்கி வளர்ந்தவற்றை மட்டும் சோதித்தேன். அதன் ஜோடி கிடைத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கூடையை மாட்டினேன். நுனி, குச்சியில் அதே கோட்டில் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணவாளன் என் முதுகில் தட்டி, "தண்டலு!" என்று கூப்பிட்டான். முதன்முதலில் என்னை அப்படிக் கூப்பிட்டவன் அவன்தான்.

உப்பனாற்றுக் கழிமுகத்தில் சேறு நன்றாக இருக்கும். எங்கள் ஊர் மரமெல்லாம் அங்கேதான் ஊறும், என் இரண்டு மரத்தையும் அங்கேதான் புதைத்தேன். காவல் கிடையாது. அவரவர் மரத்தைக் கயிற்றால் முளையில் கட்டிவிட்டுப் போவோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முடிச்சு. பார்த்ததும் இது இன்னார் மரம் என்று தெரியும். அடுத்தவன் முடிச்சை அவிழ்த்தவனுக்கு ஊர் விலக்கு. அந்த வீட்டுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, வலையில் பங்கு இல்லை. அதனால் யாரும் தொடமாட்டார்கள். மழை, புயல் கொண்டுபோனால்தான் உண்டு.

எங்கள் வீட்டு முடிச்சு இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றைக் கீழே நுழைத்து, வாலைப் பின்னால் மடக்கி இழுப்பது. அப்பா எனக்கும் தங்கை பட்டம்மாளுக்கும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவள் இடதுகைக்காரி. சோற்றுக்கு மட்டும் வலது கைதான் என்று அப்பா அடித்துப் பழக்கினார். மற்ற வேலையெல்லாம் அவளுக்கு இடது கைதான். கட்டிக்கொடுத்த பிறகு பெண்கள் பிறந்த வீட்டு முடிச்சைப் போடக்கூடாது, புருஷன் வீட்டு முடிச்சுத்தான். அது எங்கள் வழக்கம். மணவாளனுக்கு எங்கள் முடிச்சு தெரியாது. ஒருமுறை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், கயிற்றோடு அவன் விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

மரைக்காயர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். பங்குனியிலேயே படகு இறங்கவேண்டுமாம். சித்திரை பிறக்கட்டும், ஒரு மாதம் முன்னால் எடுத்தால் மரம் வெடிக்கும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி அனுப்பினேன். அவர் முணுமுணுத்தார், ஆனாலும் பொறுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சிதம்பரத்தில் என் மாமனார் தவறிவிட்டார். என் மனைவி அமராவதிக்கு அண்ணன் தம்பி கிடையாது. எல்லாவற்றையும் நான்தான் நின்று செய்யவேண்டும். துக்கத்துக்கு வந்த பட்டம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, கருமாதி முடியறவரைக்கும் நீ அண்ணி பக்கத்துலயே இரு. மரம் எங்க ஓடிடப்போவுது? நாங்க பாத்துக்கறோம்."

என் தங்கைக்கு எவ்வளவு அக்கறை என்று அமராவதியிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கருமாதி முடிந்து, அமராவதியை அவள் அம்மாவுக்குத் துணையாக விட்டுவிட்டு நான் மட்டும் ரயிலேறினேன். முதுநகரில் இறங்கியதும் கால் தானாகத் துறைமுகத்துக்குப் போயிற்று. படகைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான்.

படகு தண்ணீரில் நின்றது. இரண்டு பக்கமும் கை மாட்டியிருந்தது. வேறு யாரோ முந்திக்கொண்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். வலது பக்கத்துக் கழியின் அடியில் ஆட்டுக் கண் மாதிரி அந்தக் கணு என்னைப் பார்த்தது. அது என் மரம். இடது பக்கம் அதன் ஜோடி. சுக்கானருகே மணவாளன் நின்றுகொண்டு மரைக்காயருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். மூங்கில் ஏன் பிளக்கும், தேக்கு ஏன் ஆட்டும் என்று நான் அவனிடம் சொன்னதையெல்லாம் சொல் மாறாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"டேய் திருட்டுப் பயலே!" என்று கத்தினேன். "அது என் மரம்டா!"

மணவாளன் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டான்.

"மச்சான், வீட்டுல சாவு, நீ ஒரு நெலையில இல்ல. இது நான் சாமியார்பேட்டையில வாங்கிப் போன வருஷமே ஊற வெச்சது. உன் மரம் சேத்துலதான் இருக்குது. போய் பாரு."

"பாக்கறேன்டா! தனியா இல்ல. ஊரக் கூட்டிக்கினு போய்ப் பாக்கறேன். எங்க வீட்டு முடிச்ச நீ எப்படித் திருப்பிப் போட்டன்னு எல்லாரும் பாக்கட்டும்!"

மரைக்காயர் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. மாணிக்கம், நீ சொல்றது நெசமா இருந்தா இவன் என் லாஞ்சில கால வெக்கமாட்டான். அல்லாமேல ஆணையாச் சொல்றேன், சுக்கான் உனக்குத்தான். வா, நானும் வர்றேன்."

எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். மாட்டிக்கொண்டான் பயல். எங்கள் முடிச்சு அவன் கைக்கு வராது என்பது எனக்குத் தெரியும். ஊருக்குள் போய்ப் பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டேன். தெருத் தெருவாகக் கத்தினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவன், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவள் என்று பாதி ஊர் என் பின்னால் கழிமுகத்துக்கு வந்தது. அவ்வளவு பேரையும் கூட்டி வந்தவன் நானேதான், வேறு யாருமில்லை.

முழங்கால் சேற்றில் இறங்கி என் முளையைத் தேடிப் பிடித்து, கயிற்றைத் தூக்கினேன். பஞ்சாயத்தார் குனிந்து பார்த்தார்கள்.

"மாணிக்கம், இது உங்க வீட்டு முடிச்சுதானப்பா?" என்றார் ஒருவர்.

இரண்டு சுற்று. மூன்றாவது கீழே நுழைந்திருந்தது. வால் பின்னால் மடங்கியிருந்தது. எங்கள் முடிச்சுத்தான். ஆனால் நான் போட்டால் வால் வலது பக்கம் விழும். அப்பா போட்டாலும் அப்படித்தான். இது இடது பக்கம் விழுந்திருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் திரும்பிக் கிடந்தது. சுற்றி நின்றவர்களுக்கு அது தெரியாது. அதே முடிச்சைத் தினம் போட்டவன் கண்ணுக்குத்தான் தெரியும்.

நிமிர்ந்து பார்த்தேன். கரையில் பெண்கள் கூட்டத்தில் பட்டம்மாள் நின்றாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இடது கையால்.

மணவாளன் திருடினான் என்றால் எனக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். அவன் அயல் வீட்டுப் பிள்ளை. அடித்திருப்பேன், பிறகு ஒருநாள் மறந்தும் இருப்பேன். இவள் என் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். அப்பா செத்தபோது என் மடியில் தலை வைத்து அழுதவள். சிதம்பரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நாங்க பாத்துக்கறோம் என்று சொன்னாளே, அப்போதே மனதுக்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது.

"சொல்லுப்பா, உங்க முடிச்சா இல்லையா?" மரைக்காயர் கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். வால் எந்தப் பக்கம் என்று காட்டினால் போதும். சுக்கான் எனக்கு. அவளுக்கு ஊர் விலக்கு. அவள் பிள்ளைகளுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை.

"எங்க வீட்டுதுதான்" என்றேன்.

"யாரும் தொடலையே?"

"தொடல."

கயிற்றை இழுத்தார்கள். மறுமுனையில் இரண்டு கோணல் சவுக்குக் கட்டைகள் சேறு சொட்ட வந்தன. அடுப்புக்குக்கூட ஆகாத கட்டைகள். கூட்டம் கட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு யாரோ சிரித்தார்கள்.

"இத பொறுக்கறதுக்கா தை மாசம் பூரா தோப்புத் தோப்பா சுத்தின?"

"மச்சான் நல்ல மரம் கொண்டாந்துட்டான்னு வயித்தெரிச்சல்."

மரைக்காயர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது. அது கோபத்தைவிடக் கேவலமாக இருந்தது. மணவாளன் சேற்றில் இறங்கி வந்து என் தோளில் கை போட்டான்.

"உடு மச்சான். நான் மனசுல வெச்சிக்கல. நீயும் நம்ம லாஞ்சிக்கு வா, தூண்டில் இழுக்க ஆள் வேணும்."

அவன் கையைத் தட்டிவிட்டேன். அதற்கும் ஊர் என்னைத்தான் திட்டியது.

மறுநாள் காலை படகு புறப்பட்டபோது கரையில் நின்றேன். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், கால் கேட்கவில்லை. கழிமுகம் தாண்டியதும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் விரிந்து இறங்கின. முதல் அலையில் இரண்டும் ஒரே அளவு வளைந்து ஒரே அளவு நிமிர்ந்தன. சித்திரைக்கு முன்னால் எடுத்தால் வெடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேனே, வெடிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க வெடிக்கவில்லை. மரம்கூட எனக்குத் துரோகம் செய்தது.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் பட்டம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணே, காலம் பூரா அவுரு உனக்குப் பின்னாடியே குந்தணுமா? எம் புள்ளைங்கள மாணிக்கத்தோட ஆளு புள்ளைங்கன்றாங்க. எனக்கு எவ்ளோ வலிக்கும்னு உனக்குத் தெரியாது."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா சுக்கானக் குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

"நேத்து ஊரு முன்னாடி நான் வாயத் தொறந்திருந்தா உன் கதி இன்னாடி? உம் புள்ளைங்க கதி இன்னா? அத நெனச்சிப் பாத்தியா நீ?"

பட்டம்மாள் என்னை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கொஞ்சமும் பயம் இல்லை.

"நீ சொல்லமாட்டன்னு எனக்குத் தெரியும்ண்ணே. அது தெரிஞ்சிதான் கட்டினேன்."

நான் கயிற்றை இழுத்துப் பார்ப்பேன், வாலைக் கவனிப்பேன், அவளை அடையாளம் கண்டு வாயை மூடிக்கொள்வேன். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறாள். மரத்தை நான் எடை கட்டிச் சோதித்தேன். அவள் என்னைச் சோதித்திருக்கிறாள். எவ்வளவு வளைவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"போயிடு" என்றேன்.

அமராவதி திரும்பி வந்து ஊர் பேச்சைக் கேட்டுவிட்டு, நடந்தது என்ன என்று என்னை உலுக்கி எடுத்தாள். அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அந்தி சாய்வதற்குள் ஊரைக் கூட்டிவிடுவாள். அப்புறம் நான் வாயை மூடியதற்கு என்ன அர்த்தம்?

அதற்குப் பிறகும் சேற்றில் மரம் புதைத்திருக்கிறேன், கட்டுமரத்துக்கு. எங்கள் வீட்டு முடிச்சைப் போடுவதில்லை. ஆட்டைக் கட்டுகிற சாதாரண முடிச்சைப் போடுகிறேன். போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல், துண்டை விரித்து முளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன். கழிமுகத்தில் மரத்துக்குக் காவல் இருக்கிற ஒரே ஆள் நான்தான். அந்த வழியாகப் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். பட்டம்மாளும் கூடையோடு அந்த வழியாகத்தான் போவாள். அவள் மட்டும் சிரிப்பதில்லை.